ஃப்ரியர்டவுனைக் கட்டியவர்கள்

மொம்பாசாத் தீவிலிருந்து ந்யாலி பாலத்தில் ஏறி வடகரையில் இறங்கினால், மட்டாட்டு வேன்கள் ஆள் ஏற்றும் ஒரு சந்திப்பு வரும். நடத்துநர்கள் "கெங்கெலேனி, கெங்கெலேனி" என்று கூவுவார்கள். அங்கே நிற்கும் சிறிய மணிக்கூண்டை வைத்து அந்தச் சந்திப்புக்கு வந்த பெயர் அது. இந்தப் பகுதிக்கு இன்னொரு பெயரும் உண்டு: ஃப்ரியர்டவுன்.

1875ல் இங்கே ஒரு கிராமம் எழுந்தது. தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கப்பட்டு, அடிமைக் கலங்களில் அடைக்கப்பட்டு, கடலில் மீட்கப்பட்ட மனிதர்களுக்காக ஒரு மிஷன் எழுப்பிய கிராமம். மீட்கப்பட்டவர்களில் ஏராளமானோர் சிறுபிள்ளைகள். ஆப்பிரிக்காவில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு கட்டித் தரச் சபைகளிலிருந்து ஆட்கள் கிளம்பி வருவது இன்று பெரிய வழக்கம். ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் கூடும் அப்படிப்பட்ட குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அந்த வழக்கத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் மூத்த ஊர்களில் ஒன்று ஃப்ரியர்டவுன். எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை வேலை தொடங்குமுன் இங்கே அழைத்து வந்துவிடுவேன். இந்த ஊரைக் கட்டியவர்களும் அநாதைகள்தான் என்பதை அவர்கள் இங்கேயே நின்று கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பொதுவாக மிஷன் கட்டியது என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். பணமும் திட்டமும் மிஷனுடையவை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நான் கொத்தனார் மகன். மெஞ்ஞானபுரத்துப் பக்கம் பிறந்து, கட்டடப் பொறியியல் படித்து, பிழைப்புக்காகக் கென்யா வந்தவன். ஒரு சுவரைப் பார்த்தால் யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு முன்னால், யார் கல் எடுத்துக் கொடுத்தார்கள், யார் நூல் பிடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஃப்ரியர்டவுனைப் பற்றி அப்படிக் கேட்கப் போனால், பதில் நாசிக்கில் போய் நிற்கிறது. ஆம், நம் மகாராஷ்டிரத்து நாசிக்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கரையின் அடிமை வியாபாரம் உச்சத்தில் இருந்தது. நியாசா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் பிடிபட்டவர்களைக் கழுத்தில் கவைக்கொம்பு பூட்டிக் கில்வாத் துறைமுகம் வரை நடத்திக்கொண்டு வருவார்கள். அங்கிருந்து சான்சிபார்ச் சந்தை. ஒரு பகுதியினர் சான்சிபாரிலும் பெம்பாவிலும் கிராம்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். மற்றவர்களைத் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் பாய்மரக் கலங்களில் ஏற்றி அரேபியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் கொண்டுபோனார்கள். யாவோ, மக்குவா, நியாசா இனப் பிள்ளைகள் அதில் மிகுதி. பிரிட்டிஷ் கடற்படை இந்தக் கலங்களை மறித்தது. மறித்துப் பிடித்த பிறகு பிள்ளைகளை என்ன செய்வது? சான்சிபாரில் இறக்கினால் மறுநாளே மறுபடி விலைபோவார்கள். ஊருக்கு அனுப்பலாம் என்றால், ஐந்து வயதில் பிடிபட்ட குழந்தைக்குத் தன் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே ஏடனிலும் சேஷெல்ஸிலும் பம்பாயிலும் இறக்கினார்கள்.

பம்பாயில் இறங்கிய பிள்ளைகள் பலரை சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷன் ஏற்றுக்கொண்டது. திருநெல்வேலிச் சீமையில் பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டிய அதே சி.எம்.எஸ். நாசிக் அருகே ஷரண்பூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பை 1850களில் வில்லியம் சால்ட்டர் பிரைஸ் என்ற போதகர் உருவாக்கியிருந்தார். அங்கே ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் நடந்தது. காலையில் எழுத்து, கணக்கு, வேதபாடம். பிறகு தச்சு, கொல்லு போன்ற தொழில்கள். பிள்ளைகள் இந்துஸ்தானியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தார்கள். ஞானஸ்நானத்தில் கிடைத்த ஆங்கிலப் பெயர்களே அவர்களுக்கு நிலைத்தன. யாவோ இனத்துச் செங்விம்பே என்ற சிறுவன் மாத்யூ வெலிங்டன் ஆனான். ஜேக்கப் வெயின்ரைட், வில்லியம் ஹென்றி ஜோன்ஸ், ஜார்ஜ் டேவிட், இஷ்மாயில் செம்லர், எல்லாரும் அந்த வகைப் பெயர்க்காரர்கள். தாய் கூப்பிட்ட பெயர் பலருக்கு ஏட்டில்கூட மிஞ்சவில்லை. பெரியவர்கள் ஆனபின் இவர்களை 'பம்பாய் ஆப்பிரிக்கர்' என்று அழைத்தார்கள்.

இவர்களைப் பற்றி உலகம் முதலில் கேள்விப்பட்டது ஆப்பிரிக்க உள்நாட்டை ஆராய்ந்த மிஷனரி லிவிங்ஸ்டன் வழியாக. 1866ல் அவர் தம் கடைசிப் பயணத்தைத் தொடங்கியபோது நாசிக் பள்ளி இளைஞர் ஒன்பது பேர் கூட வந்தனர். 1872ல், அவரைத் தேடிப் போய்ச் சந்தித்த பத்திரிகையாளர் ஸ்டான்லி அனுப்பிவைத்த துணையாட்களில் வெயின்ரைட்டும் வெலிங்டனும் இருந்தனர். 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவில் இருக்கும் சித்தாம்போவின் கிராமத்தில் லிவிங்ஸ்டன் இறந்தார். இருதயத்தை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். வெயின்ரைட் அடக்க ஆராதனை ஜெபங்களை வாசித்து, அந்த மரத்தில் பெயரும் நாளும் செதுக்கினார். பிறகு உடலுக்கு உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றிக் கடற்கரை வரை மாதக்கணக்கில் சுமந்து வந்தார்கள். 1874 பிப்ரவரியில் பகமோயோவில் உடலை ஒப்படைத்தார்கள். அந்த ஏப்ரல் 18ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நடந்த அடக்கத்தில் பெட்டியோடு நடந்த ஒரே ஆப்பிரிக்கர் ஜேக்கப் வெயின்ரைட். லண்டன் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. அநாதையாக வந்தவன் எழுதுகிறான், வாசிக்கிறான், பொறுப்பைச் சுமந்து கரை சேர்க்கிறான் என்பது அப்போது பலருக்கு வியப்பாக இருந்தது. அதில் வியக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். பிள்ளைப் பருவத்தில் அந்த நடையைச் சங்கிலியோடு நடந்தவர்கள் அவர்கள்.

ஃப்ரியர்டவுன் பிறந்தது அந்த அடக்கத்தை ஒட்டிய நாட்களில். பம்பாயின் முன்னாள் கவர்னர் சர் பார்ட்டில் ஃப்ரியர் 1873 தொடக்கத்தில் சான்சிபார் போய் சுல்தான் பர்காஷிடம் அடிமை ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லிப் பேசினார். சுல்தான் உடனே இணங்கவில்லை. கடைசியில் துறைமுகத்தைக் கப்பல்களால் முற்றுகையிடுவோம் என்ற மிரட்டல் வந்தபின் ஜூன் 5ஆம் தேதி கையெழுத்திட்டார். சந்தை மூடப்பட்டது. கடல் வழி வியாபாரம் சட்டவிரோதமானது. ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் அடிமை வைத்திருப்பது சட்டப்படியே தொடர்ந்தது. கென்யக் கரையில் அந்த நிலை 1907 வரை நீடித்தது. ஃப்ரியர்டவுனின் பின்வந்த தொல்லைகள் பலவும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்பின.

மீட்கப்படுகிறவர்களைக் கடல் தாண்டி அனுப்பாமல் இந்தக் கரையிலேயே குடியமர்த்தலாம் என்று ஃப்ரியர் யோசனை சொன்னார். சி.எம்.எஸ். அதற்குப் பிரைஸையே தேர்ந்தெடுத்தது, நாசிக் காப்பகத்தை நடத்தியவர் என்பதால். 1874 முடிவில் அவர் மொம்பாசா வந்தார். இந்தக் கரைக்கு மிஷன் புதிதல்ல. 1844ல் யோகன் லுட்விக் க்ராஃப் வந்தார். வந்த சில மாதங்களிலேயே மனைவி ரோசினையும் பிறந்த பெண் குழந்தையையும் இந்த வடகரையில் அடக்கம் செய்தார். அந்தக் கல்லறை இன்னும் இருக்கிறது. பிறகு ரெப்மன் வந்தார், உள்நாட்டில் ரபாய் மலையில் நிலைகொண்டார். கிளிமஞ்சாரோவின் பனியை ஐரோப்பாவுக்கு முதலில் சொன்னவர் அவரே. பிரைஸ் போய்ப் பார்த்தபோது ரெப்மன் ஏறக்குறையப் பார்வையிழந்து ரபாயில் இருந்தார். 1860களிலேயே நாசிக்கிலிருந்து வந்து அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்த டேவிட்டும் ஜோன்ஸும் அவருக்குத் துணை.

தீவுக்கு எதிரே, கிசௌனியில் பிரைஸ் நிலம் வாங்கினார். நாசிக் காப்பகத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பம்பாய் ஆப்பிரிக்கர்கள் கப்பலேறி வந்தார்கள். தச்சர், கொல்லர், ஆசிரியர், உபதேசியார். 1875ல் கடற்படைக் கப்பல்கள் மீட்கப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து இறக்கத் தொடங்கின. வந்தவர்களுக்குத் தங்கக் கூரை வேண்டும், உடுக்கத் துணி வேண்டும், அவர்கள் பேச்சு புரிகிற ஆள் வேண்டும்.

இந்தக் கரையில் கட்டட வேலை எப்படி நடக்கும் என்று சொல்ல எனக்கு ஆசை. பாறையே பவளப்பாறை. தோண்டி எடுத்த கல்லை அடுக்கிச் சுவர் வைப்பார்கள், அதே கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவார்கள். தூத்துக்குடிக் காளவாசல்களில் என் தகப்பனார் சுண்ணாம்பு வாங்கப் போகும்போது பின்னால் போன எனக்கு, மொம்பாசாவின் பழைய சுவர் ஒன்றைச் சுரண்டிப் பார்த்ததும் அந்த வாடை உடனே பிடிபட்டது. உத்தரத்துக்குக் கழிமுகத்து அலையாத்தி மரக் கம்பு. அதைப் 'போரிட்டி' என்பார்கள். கரையான் எளிதில் தொடாது, ஆனால் நீளம் குறைவு. அதனால்தான் இங்கே பழைய வீட்டு அறைகள் எல்லாம் ஒடுங்கி நீண்டிருக்கும். ஏழை வீட்டுக்குக் கம்பு நட்டு மண் அப்பிய சுவர், மேலே தென்னங்கீற்று. கீற்றுக்கு இங்கே பெயர் 'மக்குட்டி'. முடைந்து காயவைத்துக் கீழிருந்து மேலாக நெருக்கிக் கட்டினால் சில வருஷம் தாங்கும்.

நேற்று இறங்கியவர்களுக்கு இதையெல்லாம் செய்யக் கற்றுக்கொடுத்து, கூடவே நின்று கட்டியவர்கள் பம்பாயிலிருந்து வந்தவர்கள். இரவில் அழும் குழந்தையை என்ன சொல்லித் தேற்றுவது என்று இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் புத்தகம் பார்த்துக் கற்க வேண்டியிருந்தது. நாசிக் ஆட்களுக்குத் தங்கள் நினைவே போதுமாயிருந்தது. குடும்பங்களுக்குத் தோட்ட நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். மரவள்ளியும் சோளமும் வைத்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது, கோயில் வந்தது. மணியும் வந்தது. ஆராதனைக்கு மட்டும் அடித்த மணி அல்ல அது. அடிமை பிடிக்கிறவர்கள் வருகிறார்கள் என்றால் ஊரைக் கூட்டவும் அடித்ததாகவே இந்த ஊர் நினைவில் இருக்கிறது.

இப்போது கசப்பான பகுதி. பிரைஸ் 1876ல் ஊர் திரும்பியபின் நிர்வாகம் கைமாறியது. ஸ்ட்ரீட்டர் என்ற மேலாளர் காலத்தில் கசையடியும் சிறையும் ஃப்ரியர்டவுனின் வழக்கமாயின. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களை மிஷன் வளாகத்துக்குள் கட்டி அடித்தார்கள். செய்தி வெளியே போய், விசாரணை நடந்து, லண்டனில் தலைகுனிவாகி, 1880களின் தொடக்கத்தில் பிரைஸ் மறுபடி வர வேண்டியதாயிற்று. பம்பாய் ஆப்பிரிக்கர்கள் தங்கள் குறையையும் சொன்னார்கள். படித்து, தொழில் தெரிந்து, ஊழியமும் செய்கிற தங்களைச் சம்பளத்திலும் மரியாதையிலும் கீழே வைக்கிறார்கள் என்பது அவர்கள் முறையீடு. மிஷனரிகளில் சிலர் அதை அகங்காரம் என்று எழுதினார்கள். எனக்கு அது நியாயமான கோபமாகவே படுகிறது. ஒருவனை அநாதையாகப் பார்த்து அன்பு காட்டுவது சுலபம். அவனே வளர்ந்து எதிரே உட்கார்ந்து கணக்குக் கேட்டால் அன்பு சுருங்கிவிடுகிறது. இன்றைய குழுக்களிலும் இதை நான் பார்த்திருக்கிறேன்.

ரபாயில் நடந்தது வேறு கதை. அங்கே டேவிட்டும், அவருக்குப் பின் ஜோன்ஸும் பொறுப்பில் இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து ஓடிவந்த அடிமைகள் ரபாயைத் தேடி வந்தார்கள். கப்பலில் மீட்கப்பட்டவரை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதித்தது, ஓடிவந்தவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. மொம்பாசா எசமானர்கள் கொதித்தார்கள். 1880ல் தாக்க வருவதாகவே மிரட்டினார்கள். மேலதிகாரிகள் ஓடிவந்தவர்களைச் சேர்க்காதே என்று எழுதிக்கொண்டேயிருந்தார்கள். ரபாயில் கூட்டம் கூடிக்கொண்டேயிருந்தது. வாசலில் வந்து நிற்கிறவன் எங்கிருந்து வருகிறான் என்று தன் உடம்பாலேயே அறிந்த மனிதர் ஜோன்ஸ். அவர் திருப்பி அனுப்பியிருக்க முடியுமா? கடைசியில் 1888ல் கிழக்காப்பிரிக்கக் கம்பெனியின் மெக்கன்சி வந்து எண்ணிப் பார்த்தபோது மிஷன் நிலங்களில் இருந்த ஓடிவந்தவர்கள் 1,400 பேருக்கு மேல். எசமானர்களுக்கு ஈட்டுப்பணம் கொடுத்து, 1889 ஜனவரி 1ஆம் தேதி ரபாயில் விடுதலைச் சீட்டு வழங்கினார்கள். உழைத்தவர்களுக்கு அல்லாமல் உழைப்பைத் திருடியவர்களுக்குப் பணம் போனது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் அவர்களில் பலரும் பல வருஷம் பிடிபடாமல் இருக்க ஒரு ஊர் இருந்தது, அந்த ஊரை நடத்தியவர் முன்னாள் அடிமைப் பிள்ளை.

ஜோன்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1885 தொடக்கத்தில் பேராயர் ஜேம்ஸ் ஹானிங்டன் ஃப்ரியர்டவுன் வந்தார். அந்த மே 31ஆம் தேதி ஜோன்ஸுக்கும் செம்லருக்கும் உதவிக்குருப் பட்டம் கொடுத்தார். ஜூலையில் மாசாய் நிலத்தின் வழியாக உகாண்டாவுக்குப் புறப்பட்டார், ஜோன்ஸும் கூடப் போனார். விக்டோரியா ஏரிக்கு வடகிழக்கில் ஜோன்ஸையும் பெரும்பாலான சுமையாட்களையும் நிறுத்திவிட்டு, சுமார் ஐம்பது பேருடன் பேராயர் முன்னே போனார். அக்டோபர் 29ஆம் தேதி புகாண்டா மன்னன் முவாங்காவின் உத்தரவுப்படி புசோகாவில் அவரைக் கொன்றார்கள். தப்பி வந்த நான்கு பேர் சேதி சொன்னார்கள். ஜோன்ஸ் காத்திருந்தார், தேட முயன்றார், பிறகு மிச்சமிருந்தவர்களை அத்தனை தூரமும் திருப்பி நடத்தி 1886 பிப்ரவரியில் ரபாய் கொண்டுவந்து சேர்த்தார். முன்னால் ஒரு நீலக் கொடி, அதில் வெள்ளை எழுத்தில் 'இக்கபோத்', மகிமை விட்டுப்போயிற்று என்று பொருள். சாமுவேலின் புத்தகம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரின் துக்கம் தெரியும். ஹானிங்டன் இரத்தசாட்சியாகத் திருச்சபை நாட்காட்டியில் இருக்கிறார், இருக்க வேண்டியவர்தான். அந்த நாளில் ஜோன்ஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பிரசங்கத்தைக் கேட்க நான் காத்திருக்கிறேன்.

ரபாய் மலையில் க்ராஃபும் ரெப்மனும் குடியிருந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. பழைய கோயில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஃப்ரியர்டவுனில் 1903ல் தொடங்கிய குருமடம் 1930ல் லிமுருவுக்குப் போய், இன்று செயின்ட் பால் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. விடுவிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஆசிரியரும் எழுத்தரும் போதகருமாகக் கரை முழுவதும் பரவினார்கள். ஜேம்ஸ் ம்போடேலா அந்த மூதாதையரின் கதையைச் சுவாஹிலியில் 'உஹுரு வா வாதும்வா' என்ற நூலாக எழுதினார். அந்தக் குடும்பத்தில் 1940ல் ஃப்ரியர்டவுனில் பிறந்த லெனார்டு மம்போ ம்போடேலாவின் வானொலிக் குரலைக் கேட்டு வளராத கென்யர் குறைவு. 1982 ஆகஸ்டு 1ஆம் தேதி இராணுவக் கிளர்ச்சிக்காரர்கள் ஆட்சியைப் பிடித்ததாக அறிவிக்க அவரைத்தான் துப்பாக்கிமுனையில் வானொலி நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். மாத்யூ வெலிங்டன் 1935 வரை மொம்பாசாவில் வாழ்ந்தார். லிவிங்ஸ்டனைச் சுமந்தவர்களில் கடைசியாக மிஞ்சியவர் அவர்.

எங்கள் குழு கட்டுவது இந்த ரபாய்ப் பக்கத்துக் கிராமங்களில். எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையை நடுவிலிருந்து உருவிக்கொண்டு போன வீடுகள் இவை. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் மிச்சம். தொடக்கத்தில் எங்கள் சபையார் நாற்பது கட்டில் போட்ட ஒரு விடுதியைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். படம் எடுக்க அழகாயிருக்கும், வாசலில் சபையின் பெயரைப் பொறிக்கலாம். நான் எதிர்த்துப் பேசினேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டி இருக்கிறாள், சித்தி இருக்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் இருக்கிறது. 1875ல் வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு அது இல்லை, அதனால் விடுதி தேவைப்பட்டது. இருக்கிற பாட்டியிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்ப்பது, இல்லாத அநாதையை நாமே உண்டாக்குவது ஆகும். கென்ய அரசும் அந்தத் திசைக்குத்தான் வந்திருக்கிறது. 2017ல் புதிய காப்பகங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022ல் பிள்ளைகளைக் காப்பகங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டத்தை வெளியிட்டது.

ஆகவே பாட்டியின் மனையிலேயே இரண்டு அறை வீடு கட்டுகிறோம். அறுத்த பவளக்கல், தகரக் கூரை, மழைநீருக்கு ஒரு தொட்டி. கல் வைப்பதற்கு முன்னால் காகிதம் பார்ப்பது என் பொறுப்பு. இந்தக் கரையில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம். 1908ல் காலனி அரசு கொண்டுவந்த நிலச் சட்டத்தில் தொடங்கிய சிக்கல் அது. பாட்டி கண்ணை மூடியதும் சித்தப்பன்கள் வந்து பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டால் சுவர் எவ்வளவு உறுதியாயிருந்து என்ன? கிராமத் தலைவரையும் பெரியவர்களையும் கூட்டி, வீடு இந்தப் பிள்ளைகளுக்கே என்று எழுதி, சித்தப்பன்களின் கையெழுத்தும் வாங்கிய பிறகே நூல் கட்டுவோம்.

வேலைக்குத் தலைமை உள்ளூர் மேஸ்திரி. அவரை எல்லாரும் 'ஃபுண்டி' என்பார்கள். நைரோபியிலிருந்து வரும் எங்கள் இளைஞர்கள் அவருக்குச் சித்தாள். இது அவர்களில் சிலருக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் மாற்றப் போவதில்லை. ஃபுண்டியின் கூலியையும், அவரிடம் தொழில் கற்கும் அநாதைப் பிள்ளைகளின் கூலியையும் பட்ஜெட்டின் முதல் வரியில் போடச் சொல்லி வாதாடி, அதை வாங்கிவிட்டேன். ஷரண்பூரில் தொழில் கற்ற பிள்ளைகள் ஒரு ஊரையே கட்டியிருக்கிறார்கள் என்று சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது பொருளாளர் வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது கற்றுக்கொள்கிறவர்களில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். பதினெட்டு வயது. சென்ற தடவை கட்டிய வீட்டில் தம்பி தங்கையோடு குடியிருப்பவள். மூலைக்கல் வைப்பதில் கை சுத்தம். இந்தத் தடவை தெற்குச் சுவர் முழுவதையும் அவளிடம் விட்டிருக்கிறார் ஃபுண்டி. அஸ்திவாரம் முடிந்துவிட்டது. மார்ச் கடைசியில் பெருமழை தொடங்கும், அதற்குள் கூரை ஏற்றியாக வேண்டும். தகரம் மொம்பாசாவிலிருந்து செவ்வாய்க்கிழமை வருகிறது.